தோற்றம் ஒரு பொருட்டல்ல

வன்னியராஜின் இடது கையில் மூன்றாவது முயற்சியில் நரம்பு அகப்பட்ட அதே நொடியில், ஜெஸ்லின் தன் போனை நாச்சியாரின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"சேச்சி, இதப் பாத்தியளா?"

"பாக்கல. தள்ளு அங்கிட்டு."

"நம்ம ஆஸ்பத்திரி விளம்பரம் சேச்சி. காலைலேருந்து எல்லா குரூப்லயும் ஓடுது."

விளம்பரம் என்ற சொல் காதில் விழுந்ததும் நாச்சியாரின் ஒரு கண் தானாகத் திரும்பியது. நரம்பு போய்விட்டது.

"ஐயோ சிஸ்டர்!" என்றார் வன்னியராஜ். அம்பாசமுத்திரத்துக்காரர். மணக்காட்டில் கட்டட வேலைக்குக் கம்பி கட்டுகிறவர். ஹெர்னியா ஆபரேஷனுக்காக வந்து படுத்திருந்தார். இருபது வருடமாக இரும்போடு புழங்கியும் ஊசியைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்வார்.

"ஒரு நிமிஷம் பொறுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு நாச்சியார் போனை வாங்கினாள்.

அந்த விளம்பரத்துக்காக அந்தக் கட்டடத்தில் அவளைப்போலக் காத்திருந்தவர் வேறு யாருமில்லை. கிழக்கேகோட்டை பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோக்காரர்கள் வர மறுக்கும் அளவுக்குப் பக்கத்தில் இருந்தது அந்தத் தனியார் ஆஸ்பத்திரி. நாச்சியாருக்கு அங்கே இருபத்தாறு வருட சர்வீஸ். ஒன்பது வருடமாக இரண்டாம் மாடி சர்ஜரி வார்டின் பொறுப்பாளர். ஏழு நர்ஸ்கள் இருக்க வேண்டிய வார்டில் மூன்று பேர் இருந்தார்கள். தென்காசியில் அவள் மகள் ஸ்ரீலட்சுமிக்கு இது தலைப்பிரசவம். பதினெட்டாம் தேதி என்று டாக்டர் சொல்லியிருந்தார். இருபது நாள் லீவு கேட்டு எழுதிய கடிதம் இரண்டு மாதமாக நிர்வாக அதிகாரி ஸ்ரீகுமாரின் மேஜையில் கிடந்தது. எப்போது போய்க் கேட்டாலும் ஒரே பதில்தான்.

"புது ஆள் வரட்டும் சிஸ்டரே."

பத்து வருடம் பிரசவ அறையில் நின்று ஊரார் பிள்ளைகளை எல்லாம் வாங்கித் துடைத்துத் தாயின் கையில் கொடுத்தவள். சொந்தப் பேரப்பிள்ளையை வாங்கப் போவதற்கு அவளுக்கு ஆள் வர வேண்டியிருந்தது. ஆள் வர விளம்பரம் வர வேண்டியிருந்தது. அந்த விளம்பரம் இதோ வந்துவிட்டது.

மலையாளத்தில் ஒன்று, எல்லைக்கு அப்பாலிருந்து ஆள் பிடிக்கத் தமிழில் ஒன்று. மூன்று வேலைகளுக்கு ஆள் கேட்டிருந்தார்கள். லிஃப்ட் இயக்குபவருக்கு டிப்ளமோவும் ஐந்து வருட அனுபவமும் வேண்டும். ஆம்புலன்ஸ் டிரைவருக்குப் பத்து வருட அனுபவமும் கண் பரிசோதனைச் சான்றும் வேண்டும். கடைசியில் நர்ஸ். பெண்கள் மட்டும், முப்பது வயதுக்குட்பட்டவர், மணமாகாதவர், நல்ல தோற்றமும் இனிய புன்னகையும் உடையவர், அனுபவம் தேவையில்லை.

நாச்சியார் அதை இரண்டு முறை படித்தாள்.

"லிஃப்ட் மேல போறதுக்கு அஞ்சு வருஷ அனுபவம் வேணும். ஆள் மேல போகாம இருக்கதுக்கு இளிச்சாப் போதும். அப்படித்தான போட்டிருக்கான்?"

"அப்படித்தான் சேச்சி."

"ஊசிய நீ போடு. நான் கீழ போயிட்டு வாறேன்."

வன்னியராஜ் வலது கையையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

ஸ்ரீகுமாருக்கு ஒரு நல்ல குணம் உண்டு. எது நடந்தாலும் 'சாரமில்லை' என்பார். தண்ணீர் வராவிட்டாலும் சாரமில்லை, சம்பளம் வராவிட்டாலும் சாரமில்லை. மலையாளத்தில் அதற்குப் பரவாயில்லை என்று பொருள். யாருக்குப் பரவாயில்லை என்பதை அவர் சொன்னதில்லை.

"சாரே, இது என்ன?"

"விளம்பரம் சிஸ்டரே. ஆள் வேணும், ஆள் வேணும்னு நீங்கதானே கேட்டீங்க?"

"ஆள் கேட்டேன். பொண்ணு பாக்கச் சொல்லலியே."

ஸ்ரீகுமார் கண்ணாடியைக் கழற்றினார். "அதுல என்ன தப்பு? நோயாளி கண்ணத் தொறக்கும்போது ஒரு நல்ல முகம் தெரிஞ்சா ஒரு ஆறுதல் அல்லே?"

"அவன் கண்ணத் தொறக்கணும்லா சாரே? அதுக்கு யாரு வேணும்? அந்த இனிய புன்னகையா?"

"சிஸ்டர் சூடாகாதீங்க."

"மணமாகாதவர்னு எதுக்குப் போட்டிருக்கு?"

"கல்யாணம் ஆனா லீவு கேப்பாங்க. பிள்ளை பெறப் போவாங்க. அப்புறம் மகளுக்குப் பிரசவம்னு…" அவர் நிறுத்திக்கொண்டார். "உங்களைச் சொல்லல, கேட்டீங்களா?"

"என் லீவு லெட்டர் எங்க?"

"பத்திரமா இருக்கு. புது ஆள் வரட்டும்." அவர் கண்ணாடியை மறுபடி மாட்டினார். "இப்ப உங்களுக்கு அந்தத் தோற்றமும் வயசும்தானே பிரச்சினை? எடுத்துடலாம். சாரமில்லை. நாளைக்கே புதுசா ஒண்ணு வரும்."

மறுநாளே வந்தது. அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது.

இந்த முறை படமும் போட்டிருந்தார்கள். போன வருடம் நர்ஸ் தினத்தன்று கேக் வெட்டியபோது எடுத்த படம். நடுவில் நாச்சியார். யாரோ கேக்கை ஊட்ட வந்திருந்ததால் வாயை அகலத் திறந்து, ஒரு கண்ணை மூடி, கழுத்தை முன்னால் நீட்டியிருந்தாள். சரியாக அவள் தாடைக்குக் கீழே, சிவப்பு எழுத்தில், 'நர்ஸ்கள் தேவை. வயது ஒரு பொருட்டல்ல. தோற்றம் ஒரு பொருட்டல்ல' என்று இருந்தது.

அன்று சாயங்காலம் ஸ்ரீவராகத்தில் வாடகை வீட்டுக்குள் நுழைந்ததும் கணவர் சொரிமுத்துவின் முகத்தைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துவிட்டது. அவர் சாலை என்ற கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடையில் விற்பனையாளர். சாலையில் ஒரு செய்தி காலையில் ஒரு முனையில் நுழைந்தால் மத்தியானத்துக்குள் மறுமுனைக்குப் போய்விடும்.

"கடையில பாத்தாங்களா?"

"பாத்தாங்க. மொதலாளி படத்தப் பெருசாக்கிப் பாத்தாரு."

"என்ன சொன்னாரு?"

"ஆஸ்பத்திரிக்காரன் நேர்மையானவன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்னத்தச் சொல்ல? கேக்கு திங்கும்போது எடுத்ததுன்னேன்."

அன்று அந்த வீட்டில் தோசை சுடப்படவில்லை. சொரிமுத்து தானாகவே ஒரு வாழைப்பழத்தைச் சாப்பிட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து மகளிடமிருந்து போன் வந்தது.

"அம்மா, என் மாமியா அந்தப் படத்த ஸ்டேட்டஸ்ல வச்சிருக்காங்க. சம்மந்தி பேமஸ் ஆயிட்டாங்கன்னு."

"வைக்கட்டும்."

"நீ எப்பம்மா வருவ? காலு ரெண்டும் வீங்கிப் போச்சு. எனக்குப் பயமா இருக்கு."

எத்தனையோ பெண்களுக்குப் பயப்படாதே என்று சொன்ன வாய் நாச்சியாருடையது. "வந்துருவேன்டி" என்று மட்டும் சொன்னாள். பிறகு ரத்த அழுத்தம் பார்த்தாயா, உப்பைக் குறைத்தாயா என்று கேட்டு, அம்மாவாக இருக்க முடியாத குறையை நர்ஸாக இருந்து சரிக்கட்டினாள்.

அடுத்த நாள் மற்ற வார்டுகளிலிருந்தும் சேர்த்து எட்டு நர்ஸ்களோடு அவள் ஸ்ரீகுமாரின் அறைக்குள் நுழைந்தபோது, அவர் உண்மையாகவே மனம் நொந்து போனார்.

"தோற்றம் வேணும்னு போட்டேன், சண்டை. வேண்டாம்னு போட்டேன், அதுக்கும் சண்டை. நான் என்னதான் செய்யணும்?"

"மரியாதையாப் போடுங்க."

"மரியாதையா?"

"ஆமா. அந்த லிஃப்ட்காரருக்குக் குடுத்த மரியாதைல பாதி போதும்."

ஸ்ரீகுமார் ஒரு துண்டுத் தாளில் 'மரியாதை' என்று எழுதி அடிக்கோடு போட்டார். அவர் மேஜையைத் தாண்டி அந்தச் சொல் எப்படி வெளியே வரும் என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

மூன்றாவது விளம்பரத்தில் ஒரு பெண் இறக்கைகளோடு மேகத்தின்மேல் நின்றாள். ஒரு கையில் மெழுகுவர்த்தி, கழுத்தில் ஸ்டெதஸ்கோப். 'வெள்ளுடைத் தேவதைகளே, வருக! ஊண் உறக்கம் மறந்து, பிறர் துயர் துடைப்பதையே பெரும்பேறாகக் கருதும் தியாகச் சுடர்கள் தேவை.'

"றெக்கைய வச்சிட்டு நம்ம டியூட்டி ரூம் வாசல்ல எப்படி சேச்சி நுழையியது?" என்று ஜெஸ்லின் கேட்டாள். "ஒரு ஆளே சரிஞ்சுதான் போகணும்."

"அத விடு. ஊண் உறக்கம் மறந்துன்னு போட்டிருக்கானே, அதப் படிச்சியா?"

"சாப்பாட்டு நேரமும் கெடையாது, ஓய்வும் கெடையாதுன்னு அர்த்தம். முன்னால அத வாயால சொன்னாவ. இப்பம் பாட்டாச் சொல்லுதாவ."

சம்பளம் என்ன என்று அதில் இல்லை. தேவதைகளிடம் அதையெல்லாம் பேசுவது அநாகரிகம் என்று நினைத்திருக்கலாம். விளம்பரத்துக்கு ஒரே ஒரு போன் வந்தது. கல்லாறு பக்கம் ரிசார்ட்டில் கல்யாணம் நடத்திக் கொடுக்கும் ஒருவர், வரவேற்பில் பன்னீர் தெளிக்க நாலு தேவதைகள் கிடைக்குமா, இறக்கை அவர்களே கொண்டு வருவார்களா என்று விசாரித்தார். ஸ்ரீகுமார் உடனே மறுக்கவில்லை, எந்தத் தேதி என்று கேட்டார் என்று டெலிபோன் பெண் பிற்பாடு சொன்னாள்.

பதினெட்டாம் தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. வேறொருத்தியாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு, எப்படியோ ஒரு புன்னகைக்காரி வந்து சேரட்டும் என்று விட்டிருப்பாள். நாச்சியாரும் ஒருநாள் முழுக்க அப்படி விடப் பார்த்தாள். முடியவில்லை. இருபத்தாறு வருடத்தில் கடைசியாகக் கிடைத்த பெயர் தேவதை என்றால், நடுவில் அவள் கற்றது, விழித்தது, காப்பாற்றியது எல்லாம் எங்கே போயிற்று?

"வேலைய நிறுத்த வேண்டாம்" என்று மற்ற நர்ஸ்களிடம் சொன்னாள். "நோயாளி என்ன பாவம் செஞ்சான்? ஒருநாள் கறுப்பு பேட்ஜ் குத்துவோம். யாருக்கும் இடைஞ்சல் இருக்காது."

யாருக்கும் இடைஞ்சல் இருக்காது என்று திட்டமிட்டுச் செய்த இந்த ஒரு காரியம்தான் எல்லோருக்கும் இடைஞ்சலாயிற்று. காலை எட்டு மணிக்கு அவள் வார்டுக்குள் நுழைந்தபோது, ஆபரேஷன் முடிந்து தேறிக்கொண்டிருந்த வன்னியராஜ் அவள் குத்தியிருந்த கறுப்பு பேட்ஜைப் பார்த்தார், பின்னால் வந்த ஜெஸ்லினைப் பார்த்தார், பிறகு மெல்ல எழுந்து உட்கார்ந்தார்.

"யாரு சிஸ்டர் போயிட்டா?"

"யாரும் போகலண்ணே."

"மறைக்காதீங்க. நேத்து பக்கத்து பெட்டுல இருந்தாரே, அவரா?"

"அவரு டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போயிட்டாரு."

"அப்பம் யாருக்கு?" அவர் தன்னைச் சுற்றிப் பார்த்தார். அவர் முகம் வெளிறியது. "எனக்கா? முன்கூட்டியே குத்தியாச்சா?"

"அண்ணே, இது எங்க மரியாதைக்காக."

"செத்தவனுக்கு மரியாதைக்குத்தானே குத்துவாங்க!"

வெளியே நின்ற அவர் மனைவிக்குக் கடைசி வாக்கியம் மட்டும் கேட்டது. அவள் போட்ட சத்தத்தில் வராந்தா முழுக்க அழுகை பரவியது. யாருக்காக அழுகிறோம் என்று தெரியாமலே ஐந்தாறு பேர் அழுதார்கள். பெரிய டாக்டர்தான் போய்விட்டார் என்று யாரோ சொல்ல, மூன்று குடும்பங்கள் உடனே டிஸ்சார்ஜ் கேட்டன. கேன்டீன்காரர் துக்கத்துக்காக ஷட்டரை இறக்கிவிட்டு, மாலை வாங்கச் சாலைக் கடைத்தெருவுக்குப் போய்விட்டார். பதினோரு மணிக்குப் பெரிய டாக்டர் காரில் வந்து இறங்கியபோது, லிஃப்ட்டுக்குக் காத்திருந்த ஒரு கிழவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

சாப்பாடு இல்லாமல் நர்ஸ்கள் அன்று ஊண் மறந்து வேலை செய்தார்கள். மூன்றாவது விளம்பரம் அந்த அளவில் பலித்தது.

நாலு மணிக்கு மேலிடத்திலிருந்து நாச்சியாருக்கு அழைப்பு வந்தது. ஸ்ரீகுமாரிடமிருந்து அல்ல, ஜானவியிடமிருந்து. பெரிய டாக்டரின் மகள். பெங்களூரில் ஆஸ்பத்திரி நிர்வாகம் படித்துவிட்டு ஆறு மாதத்துக்கு முன் பொறுப்பேற்றவள்.

"போச்சு சேச்சி" என்றாள் ஜெஸ்லின். அவள் காண்ட்ராக்ட் நர்ஸ். வெளிநாடு போக ஜெர்மன் மொழிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி அனுபவச் சான்றிதழ் தரும் நாளுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவள். "பேட்ஜக் கழட்டிட்டுப் போங்க."

நாச்சியார் கழற்றவில்லை.

அந்த அறையின் கம்பளத்தில் அவள் எத்தனையோ தடவை நின்றிருக்கிறாள். எதிரே உள்ள நாற்காலி சுழலும் என்பது அன்றுதான் தெரிந்தது.

"உட்காருங்க சிஸ்டர்" என்றாள் ஜானவி. தேநீர் வந்தது. காகிதக் கோப்பை இல்லை, தட்டோடு வந்த பீங்கான் கோப்பை. "தப்பு எங்க மேலதான். அந்த மூணு விளம்பரத்தையும் பார்த்தேன். எனக்கே வெட்கமா இருந்தது."

நாச்சியார் சண்டை போடுவதற்காக மனப்பாடம் செய்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று இடித்துக்கொண்டு நின்றுவிட்டன. வாய் திறந்தபோது அழுகைதான் வந்தது.

"நாங்க படிச்சவங்க மேடம். எங்கள…"

"எனக்குத் தெரியும். அதனாலதான் கூப்பிட்டேன். இந்தத் தடவை விளம்பரத்தை நீங்களே எழுதுங்க. ஒரு நர்ஸோட மதிப்பு ஸ்ரீகுமாருக்கு எப்படித் தெரியும்?"

"நானா மேடம்?"

"நீங்கதான். வெறும் நர்ஸ்னு போட்டா மட்டமாத் தெரியுது. வார்டு பொறுப்பாளர் நிலைன்னு போடுங்க. தகுதியை நல்லா உசத்திப் போடுங்க, கூசாதீங்க."

"எத்தன பேருக்கு மேடம்?"

"முதல்ல ஒருத்தர். அப்புறம் மெல்ல மெல்ல எடுக்கலாம்." ஜானவி சிரித்தாள். நல்ல சிரிப்பு. "எழுதிட்டுக் கீழே உங்க பேரைப் போட்டுக் கையெழுத்தும் போட்டுடுங்க. யார் எழுதினதுன்னு ரெக்கார்டுல இருக்கணும் இல்லையா?"

நாச்சியார் எழுந்தாள். கதவுவரை போய்த் திரும்பினாள். "மேடம், என் லீவு…"

"புது ஆள் சேர்ற அன்னைக்கே கிளம்புங்க. எத்தனை நாள் வேணும்னாலும் எடுத்துக்கோங்க."

வார்டுக்கு அவள் லிஃப்ட்டில் வரவில்லை, படியேறி வந்தாள். சந்தோஷத்தில் மூட்டு வலி தெரியவில்லை. மனிதர்களை மதிக்கத் தெரிந்தவர்கள் மேலே இருக்கிறார்கள், நடுவில் உட்கார்ந்திருப்பவர்கள்தான் எல்லாவற்றையும் கெடுக்கிறார்கள் என்று ஜெஸ்லினிடம் சொன்னாள். இதை நம்பாமல் இந்த நாட்டில் யாரும் இருபத்தாறு வருடம் ஓரிடத்தில் வேலை பார்க்க முடியாது.

பழைய டெம்பரேச்சர் சார்ட்டின் முதுகில் இருவரும் எழுத உட்கார்ந்தார்கள்.

"படிப்பு என்ன சேச்சி போட? டிப்ளமோ?"

நாச்சியார் பேனாவைக் கடித்தாள். அவள் படித்தது நாகர்கோவிலில் மூன்றரை வருட ஜி.என்.எம். டிப்ளமோ. சான்றிதழைச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தாள். ஆனால் மனக்கண்ணில் அந்த முதல் விளம்பரம் வந்து நின்றது.

"லிஃப்ட்காரருக்கு என்ன போட்டிருந்தான்?"

"டிப்ளமோ."

"அப்பம் நமக்கு அது வேண்டாம். பி.எஸ்ஸி. நர்சிங் போடு. அதுவும் 'கண்டிப்பாக'ன்னு போடு."

"அனுபவம்?"

"பத்து வருஷம்."

"பத்து வருஷம் இங்க யாரு சேச்சி இருப்பா? எல்லாரும் ரெண்டாம் வருஷமே பிளேன் ஏறுதாளுவ."

"சரி, மூணு போடு. ஆனா பெரிய ஆஸ்பத்திரில மூணு. இங்கிலீஷ் சரளமாப் பேசணும். கம்ப்யூட்டர் தெரிஞ்சிருக்கணும். நெஞ்சு நின்னு போனா என்ன செய்யணும்னு தனியா ஒரு பயிற்சி இருக்குல்லா, அந்தச் சான்றிதழும் வேணும்."

ஜெஸ்லின் எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தாள். "எனக்கே இந்த வேல கெடைக்காது போலிருக்கே சேச்சி."

"கெடைக்கக் கூடாது. அப்பந்தான் மரியாதை."

கடைசியில் அவளாகவே ஒரு வரி சேர்த்தாள். 'தோற்றம், வயது, திருமணம் பற்றி இங்கு எவரும் கேட்க மாட்டார்கள்.' அதன் கீழே தன் பெயரை முழுதாக எழுதி, பதவியை எழுதி, பாங்கில் போடுவதுபோல நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். டியூட்டி ரூமில் வாசித்துக் காட்டியபோது நர்ஸ்கள் கைதட்டினார்கள். எழுபது வயது நோயாளி ஒருத்தி என்ன விசேஷம் என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் அது தனிக் கட்டத்தில் வந்தது. பக்கத்தில் லிஃப்ட்காரர் இல்லை, டிரைவர் இல்லை. மேகம் இல்லை. நாச்சியார் எழுதியதில் ஒரு எழுத்துகூட மாற்றியிருக்கவில்லை. அவள் பெயரும் கையெழுத்தும் மட்டும் அச்சில் வரவில்லை, ரெக்கார்டோடு நின்றுவிட்டன. திங்கட்கிழமை சொரிமுத்து கடையிலிருந்து சீக்கிரம் வந்தார்.

"மொதலாளி படிச்சாரு."

"என்ன சொன்னாரு?"

"நர்ஸ் வேலைக்கு இவ்வளவு படிப்பு வேணுமான்னாரு. எழுதுனது யாருன்னாரு. என் பொஞ்சாதின்னேன்." அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "கடையில எல்லாரும் இருந்தாங்க. எல்லாரும் இருக்கும்போதுதான் சொன்னேன்."

அன்று அந்த வீட்டில் தோசையோடு இரண்டு சட்னி இருந்தது. அன்றைக்கே ஒருத்தியைத் தேர்ந்தெடுத்தாயிற்று, வியாழக்கிழமை காலை வந்து சேருகிறாள் என்று ஸ்ரீகுமார் சொல்லியிருந்தார். அவள் மகளுக்குப் போன் செய்து, அன்று சாயங்காலம் தென்காசியில் இருப்பேன் என்றாள். சும்மா சொல்லாதம்மா என்றாள் ஸ்ரீலட்சுமி. சத்தியம் என்றாள் நாச்சியார்.

பதினைந்தாம் தேதி, வியாழக்கிழமை. நாச்சியார் அன்று யூனிஃபார்ம் போடவில்லை. இரண்டு மணி பஸ்ஸுக்குத் தம்பானூர் போக வேண்டும் என்பதால் நல்ல பட்டுக்கரை புடவை கட்டியிருந்தாள். பிறக்கப்போகும் பிள்ளைக்குப் பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்த துணிகளும் வசம்பும் உள்ள பையை மேஜைக்கடியில் வைத்திருந்தாள். லீவு அனுமதிக் கடிதம் மட்டும் இன்னும் வரவில்லை. கிளம்பும்போது ஸ்ரீகுமாரே கையில் தருவதாகச் சொல்லியிருந்தார். புது ஆளிடம் வார்டைக் காட்டி ஒப்படைக்க வேண்டியதுதான் பாக்கி.

புது ஆள் ஒன்பது மணிக்குச் சரியாக வந்தாள். பெயர் நீது. பாறசாலைக்காரி, மார்த்தாண்டத்தில் பி.எஸ்ஸி. படித்தவள், தமிழ் சுமாராக வந்தது. இருபத்தேழு வயது. நல்ல தோற்றம், இனிய புன்னகை. அதைக் கவனித்ததற்காக நாச்சியார் தன்னையே கடிந்துகொண்டாள்.

"குட் மார்னிங் மேடம். மேடம்தானே நர்சிங் சூப்பிரண்டு?"

நாச்சியார் புடவைக் கரையைச் சரிசெய்தாள். இல்லை, வார்டுப் பொறுப்பாளர்தான் என்று சொல்லியிருக்கலாம். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக ஒருத்தி வந்தவுடனே எழுந்து நின்று மேடம் என்கிறாள், அதை ஒரு மணி நேரமாவது அனுபவித்தால் என்ன குறைந்துவிடும் என்று தோன்றியது.

"வா, வார்டக் காட்டுதேன்" என்றாள்.

எல்லாவற்றையும் காட்டினாள். எந்த ஆக்சிஜன் குழாய் கசியும், எந்த டாக்டரின் கையெழுத்தைத் தலைகீழாகப் பிடித்தால் புரியும், எந்த அலமாரிச் சாவியைத் திருகும்போது மேலே தூக்க வேண்டும், எந்த நோயாளி வலிக்கவில்லை என்று பொய் சொல்வார். வேறு யாருக்கும் சொல்லாத விஷயங்கள். நீது சின்ன நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். தையல் பிரிக்க வந்திருந்த வன்னியராஜின் கையில் ஒரே முயற்சியில் நரம்பு பிடித்து ரத்தம் எடுத்தாள். வன்னியராஜ் கண்ணைத் திறந்து பார்த்து, குத்தியாச்சா என்று கேட்டார்.

நாச்சியாருக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது. இந்தப் பெண்ணை இங்கே கொண்டுவந்தது தன் எழுத்து. இத்தனை நாள் சண்டையும் கேலியும் அழுகையும் இந்த ஒரு நல்ல நர்ஸாக வந்து நிற்கின்றன. இனி மகளிடம் நிம்மதியாகப் போகலாம்.

"நல்லா வருவ நீ" என்றாள். "வார்டு உன் கையில பத்திரமா இருக்கும். வேற எதாவது கேக்கணுமா?"

நீது கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"மேடம், ஒரு காரியம் கேக்கட்டா? இங்க பொறுப்புல ஒரு பழைய டிப்ளமோ சேச்சி இருக்காங்களாம், அவங்கள எப்படி வெளிய அனுப்புறதுன்னு தெரியாம ஜானவி மேடம் ஆறு மாசமா முழிச்சிட்டு இருந்தாங்களாம், கடைசில அந்தச் சேச்சியே அவங்க வேலைக்கு டிகிரி கண்டிப்பா வேணும்னு எழுதி, கையெழுத்தும் போட்டுக் குடுத்துட்டாங்களாம். ஸ்ரீகுமார் சார் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு… பாவம், அவங்க யாரு மேடம்?"